தாளைக் கவிழ்த்து வைக்கும் டாக்டரம்மா

ரிப்போர்ட்டைக் கொடுத்தால் வாங்கி ஒரு பார்வை பார்ப்பார். பிறகு அதை மேசையில் கவிழ்த்து வைத்து, மேலே தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைப்பார். "இது இருக்கட்டும். நீர் சொல்லும்" என்பார்.

ரத்தம் கொடுத்துவிட்டு, அந்தத் தாளில் என்ன வந்திருக்கிறதோ என்று காத்து உட்கார்ந்திருப்பவனுக்கு அது எப்படி இருக்கும்? எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. 'எல்லாம்தான் அதில் எழுதியிருக்கிறதே, இன்னும் நான் என்ன சொல்ல?' என்று மனத்துக்குள் முனகினேன். இன்றைக்கு என் வீட்டில் விளக்கேற்ற என் மனைவி இருக்கிறாள் என்றால், முருகன் அருளுக்கு அடுத்தபடி, அந்தத் தாள் கவிழ்ந்ததுதான் காரணம்.

அவர் ஜொகூரில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டராக இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து அந்தக் காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்த குடும்பமாம். பேச்சில் அந்த ஊர் வாடை அப்படியே இருக்கும். குள்ளமான உருவம், காதோரம் நரை, காலில் வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து. வார்டில் அவர் நடந்து வரும் சத்தமே கேட்காது. திடீரென்று கட்டில் பக்கத்தில் நிற்பார்.

நர்ஸ் மிஸ்ஸிகள் அவருக்கு 'டாக்டர் லாகி' என்று பெயர் வைத்திருந்தார்கள். லாகி என்றால் மலாயில் 'இன்னும்'. மலாய்க்காரர், சீனர் யாரைப் பார்த்தாலும், அவர்கள் ஒரு பதில் சொல்லி முடித்ததும், "லாகி?" என்று கேட்பார். தமிழர் என்றால் "பிறகு?" நாம் 'அவ்வளவுதான்' என்று சொன்னாலும் விடமாட்டார். பேனாவை மூடிவிட்டுச் சும்மா நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே இன்னும் ஏதாவது வாயில் வந்துவிடும்.

அதனால் அவருடைய கிளினிக் நாளில் வரிசை நகரவே நகராது. ஒரு தடவை எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "இந்தம்மாகிட்ட போனா கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குற மாதிரி லா. அப்பன் பேரு, பாட்டன் பேரு, யாரு எதுல செத்தா, எல்லாம் கேட்டுட்டுத்தான் ஊசி." பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் உள்ளே போனார். எங்கள் சிரிப்பு அடங்கி, கால் மரத்துப்போய், இரண்டு பேர் சாப்பிடப் போய்த் திரும்பி வந்த பிறகுதான் வெளியே வந்தார். "என்னங்கய்யா, பொண்ணு புடிச்சிருச்சா?" என்று யாரோ கேட்டார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. "என் சம்சாரம் போனதைக் கேட்டாங்கய்யா. இதுவரைக்கும் எந்த டாக்டரும் கேட்டதில்ல" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

எங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் கூலாயில் குடியிருக்கிறோம். செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எனக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. மனைவி கோமதி வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரே மகள், அப்போது இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முந்திய வருஷம் மகளுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்து பிழைத்தது பெரும்பாடு. 'பிள்ளையைக் கொடுத்துவிடப்பா, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன்' என்று கோமதி வேண்டிக்கொண்டாள். அந்தத் தைப்பூசம் நெருங்கியது. வீட்டில் கவிச்சி நின்றது. ஒரு வேளைச் சோறு, தரையில் பாய், கையில் மஞ்சள் காப்புக்கயிறு என்று அவள் விரதம் இருந்தாள்.

விரதத்தில் தலைவலி வந்தது. பசித் தலைவலி என்றோம். சூடு என்றோம். மேல்வீட்டு அக்கா திருஷ்டி என்று சொல்லி எலுமிச்சை சுற்றிப் போட்டார். ஒரு வாரத்துக்கு மேல் ஆகியும் வலி விடவில்லை. பூசையறையில் குனிந்து கோலம் போட்டவள், கண் இருட்டுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநாள் காலை வாந்தி. காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

முதலில் பார்த்தவர் இளம் டாக்டர், நம் தமிழ்ப் பிள்ளைதான். பொறுப்பான பையன். தலையை ஸ்கேன் எடுத்தார். ரத்தமும் எடுத்தார். ரத்தக்குழாயில் எங்காவது ரத்தம் கட்டியிருந்தால், அந்தக் கட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அதன் துணுக்கு ரத்தத்தில் கலக்குமாம். அந்தத் துணுக்கு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சோதனை. டி-டைமர் என்று பெயர் சொன்னார்.

ஒரு நாள் வார்டில் வைத்திருந்து, மறுநாள் மத்தியானம் வந்து, "அங்கிள், ஸ்கேன் கிளியர். ரத்தத்துலயும் கட்டி இருக்கிற அடையாளம் இல்ல. மைக்ரேன் மாதிரிதான் இருக்கு. மாத்திரை எழுதித் தரேன், வீட்டுக்குப் போலாம்" என்றார்.

நான் அந்த இடத்திலேயே கும்பிட்டேன். கோமதிக்கு வீட்டுக்குப் போவதைவிட விரதம் கெடாமல் போவதுதான் சந்தோஷம். பையில் துணியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். குனிந்தால் வலிக்கிறது என்று கட்டிலில் உட்கார்ந்தே மடித்தாள்.

அப்போதுதான் கேன்வாஸ் சப்பாத்து வந்து நின்றது.

இளம் டாக்டர் எழுந்து நின்று ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா தாளை வாங்கினார், பார்த்தார், கட்டில் பக்கத்து மேசையில் கவிழ்த்தார், மேலே கண்ணாடிக் கூட்டை வைத்தார். கோமதியின் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"பிள்ளை, இந்தத் தலையிடி படுத்தாக் கூடுதோ, எழும்பி இருந்தாக் கூடுதோ?"

"படுத்தாதான் டாக்டர். காலையில எந்திரிக்கும்போது ரொம்ப."

"பிறகு?"

"இருமினா மண்டை தெறிக்குது."

"பிறகு?"

"அவ்வளவுதான் டாக்டர்."

"மாத்திரை ஏதும் எடுக்கிறீரோ?"

"இல்ல டாக்டர்." இளம் டாக்டரும் இதைக் கேட்டிருந்தார். அதே பதில்தான்.

அம்மா கோமதியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அந்த மஞ்சள் கயிற்றை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீர் கீழ போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாரும். டாக்டரையும் கூட்டிக்கொண்டு போம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இளம் டாக்டருக்கும் புரியவில்லை. இரண்டு பேரும் வெளியே வந்து நின்றோம். திரையை இழுத்து மூடினார்கள். உள்ளே நடந்தது கோமதி பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"தைப்பூசமோ?" என்று அம்மா கேட்டிருக்கிறார்.

"ஆமா டாக்டர். பால்குடம்."

"அண்டைக்கு உமக்கு நாள் வராதோ?"

கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். நம் பெண்களுக்குத் தெரியும் இது. விரதம் இருந்து, நாள் குறித்து, உறவுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. மாதவிலக்கு சரியாக அந்த வாரத்தில் வரும் என்றால் என்ன செய்வது? மருந்துக்கடையில் மாத்திரை கிடைக்கிறது. போட்டுக்கொண்டால் தள்ளிப்போகும். கூட்டாளி ஒருத்தி சொல்லி, இவளும் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். விரதம் தொடங்கியதிலிருந்தே, எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே, தினமும் சாமி கும்பிட்ட பிறகு. எனக்கே தெரியாது.

"மாத்திரை எடுக்கிறீரோ எண்டு கேட்டனே, பிள்ளை?"

"அதை மருந்துன்னு நான் நெனைக்கல டாக்டர். அது சாமிக்காகப் போட்டது."

அம்மா திட்டவில்லை. "சரி. பிறகு?" என்றுதான் கேட்டாராம். விரதத்தில் தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாய், சொந்தத்தில் யாருக்காவது கால் வீங்கியதா என்றெல்லாம் கேட்டாராம். கோமதிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. காஹாங் பக்கம் தோட்டத்தில் இருந்த அவள் சின்னம்மா, பிள்ளை பெற்ற சில நாளில் ஒரு கால் மட்டும் யானைக்கால் போல வீங்கி, மூச்சுத் திணறிச் செத்துப்போனாராம். காற்று கறுப்பு அடித்தது என்று பேசிக்கொண்டார்கள்.

திரை திறந்தது. வீட்டுக்குப் போவது நின்றது. மருந்து ஏற்றி, தலைக்குள் இருக்கும் சிரைகளை மட்டும் தனியாகக் காட்டும் வேறு ஒரு ஸ்கேனுக்கு அம்மா எழுதினார். அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. மூளையிலிருந்து ரத்தம் இறங்கி வருகிற பெரிய வடிகால் ஒன்றில் ரத்தம் கட்டியிருந்தது. வீட்டுக்குப் போயிருந்தால் வலிப்பு வந்திருக்கலாம், பார்வை போயிருக்கலாம், ஆளே போயிருக்கலாம்.

இளம் டாக்டர் முகம் செத்துப் போயிருந்தது. அவரை அம்மா என் முன்னாலேயே தோளில் தட்டினார். "நீர் பிழை ஒண்டும் செய்யேல்லை. சரியான சோதனைதான் எடுத்தீர். கேள்வி ஒண்டுதான் குறைஞ்சு போச்சு. அதுவும் உமக்குச் சொல்லியிருக்கமாட்டா. நீர் அவவின்ர தம்பி வயசு."

"ரத்தத்துல இல்லைன்னு வந்துச்சே டாக்டர், அது பொய்யா?" என்று நான் கேட்டேன்.

"பொய் இல்லை, தம்பி. காலில கட்டினா, நெஞ்சில கட்டினா, சந்தேகம் குறைவா இருக்கிற ஆளுக்கு இந்தச் சோதனை 'இல்லை' எண்டா நான் நம்பி வீட்டுக்கு அனுப்புவன். தலைக்குள்ள, வயித்துக்குள்ள கட்டுறது அபூர்வம். அந்த இடங்களில அது சில நேரம் தவறவிடும். கட்டி சின்னனா இருந்தாலோ, வலி தொடங்கிக் கன நாள் ஆனாலோ, ரத்தத்தில ஒண்டும் காட்டாது. சோதனை தனக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்லும். மிச்சத்தை ஆளிட்டத்தான் கேக்க வேணும்."

நான் வார்டு வாசலில் நின்றபடி கேட்டுவிட்டேன். மனத்தில் கிடந்து அரித்தது. "டாக்டர், இது சாமி குத்தமா? வேண்டிக்கிட்டு விரதம் இருந்தவளுக்கு ஏன் இப்படி?"

"முருகனிட்ட ஒரு குற்றமும் இல்லை. மாத்திரையிலதான் குற்றம்." கொஞ்சம் நடந்து போனவர் திரும்பி வந்தார். "அந்த நாளிலதான் எடுக்க வேணும் எண்டு அவர் சொன்னவரோ? கோயில்ல ஒருக்கா கேட்டுப் பாத்தீங்களோ?"

கேட்கவில்லை. எங்களுக்குத் தோன்றவே இல்லை. அந்த வாரமே கூச்சத்தை விட்டு எங்கள் கோயில் குருக்களிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அலமாக், இதுக்கா மாத்திரை? தைப்பூசத்துக்கு முன்னாடி எத்தனை பேரு எடுக்கிறாங்க, பின்னாடி எத்தனை பேரு எடுக்கிறாங்க, நீங்க பாக்கலயா? எந்த நாள் சுத்தமோ அந்த நாள் வாங்க லா. முருகன் எங்க போயிடப் போறாரு?"

கோமதி அந்தத் தைப்பூசத்தன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். வயிற்றில் ஊசி, ரத்தத்தை இளக்கும் ஊசி. நான் விபூதி கொண்டுபோனேன். அவள் நெற்றியில் பூசிவிட்டுத் திரும்பினால் அம்மா நிற்கிறார். "எனக்கும் கொஞ்சம் தாரும்" என்று நெற்றியை நீட்டினார். பூசிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்த அடுத்த கட்டிலில் ஒரு சீனப் பாட்டி. நுரையீரல் காய்ச்சல். அவருக்கும் அதே ரத்தச் சோதனை யாரோ எடுத்து, அளவு ஏறிப்போய் வந்திருந்தது. மகன் கைபேசியில் என்னென்னவோ படித்துவிட்டு, தன் தாய்க்கு உடம்பெல்லாம் ரத்தம் கட்டிவிட்டது என்று அழுதுகொண்டிருந்தார். டாக்டரம்மா தாளைக் கவிழ்த்தார். "லாகி?" கேள்வியெல்லாம் முடிந்ததும், காய்ச்சல் வந்தாலும் இது ஏறும், வயசானாலும் ஏறும், கர்ப்பமானாலும் ஏறும், எதற்கும் காலையும் நெஞ்சையும் பார்த்துவிடுவோம் என்று சொல்லிப் பார்க்கவும் செய்தார். கட்டி இல்லை. மகன் மறுநாள் எங்களுக்கும் சேர்த்து ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார். டாக்டரம்மா அதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. யார் எது கொடுத்தாலும் வாங்கமாட்டார். விபூதி ஒன்றைத்தான் வாங்கினார்.

கோமதி நல்லபடியாக வீட்டுக்கு வந்தாள். மாதக்கணக்கில் ரத்தத்தை இளக்கும் மாத்திரை. அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்து, மாத்திரையைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள்.

எனக்கு ஒரு பயம் ஓடிக்கொண்டே இருந்தது. சின்னம்மாவுக்கு வந்தது, கோமதிக்கு வந்தது. என் மகளுக்கு? பரம்பரையில் வருவதா என்று பார்க்கவும் ரத்தச் சோதனை உண்டு என்றார்கள். "இவளுக்கு இப்பவே எடுத்துடுங்க டாக்டர்" என்று கெஞ்சினேன்.

"இப்ப எடுத்தா அது உளறும், தம்பி. கட்டி இருக்கேக்கையும் பிழையா வரும், இந்த மாத்திரை ஓடேக்கையும் பிழையா வரும். நிப்பாட்டிச் சில கிழமை போகட்டும். பொறுத்திரும்."

பொறுத்திருந்தோம். மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினோம், சில வாரம் கழித்துத் தவணை நாளில் ரத்தம் கொடுத்தோம். முடிவு வந்தது. ரத்தம் கட்டாமல் தடுக்கிற சத்து ஒன்று குறைவு என்று அதில் இருந்தது. பரம்பரையாக வருகிற குறையாக இருக்கலாமாம். நான் மகளைத்தான் நினைத்தேன். உட்கார்ந்த இடத்திலேயே கண்ணீர் வந்துவிட்டது. பொட்டப்பிள்ளை. நாளைக்குக் கல்யாணம், பிள்ளைப்பேறு.

அம்மா தாளைக் கவிழ்த்தார். கண்ணாடிக் கூடு.

"பிள்ளை, மாத்திரையை எப்ப நிப்பாட்டினீர்?"

"நீங்க சொன்ன அன்னைக்கே டாக்டர்."

"பிறகு?"

கோமதி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"பிறகு... டப்பாவுல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு டாக்டர். நல்ல மருந்து, ஏன் குப்பையில போடணும்னு... போன வாரம் வரைக்கும்..."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் நின்ற மிஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். "அரசாங்க மருந்தை வீணாக்கக் கூடாது எண்ட நல்ல மனசு" என்றார் அம்மா. அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "உம்மட மாத்திரைதான் அந்தச் சத்தைக் குறைச்சது. திரும்ப எடுப்பம். இந்த முறை டப்பாவை எனக்குக் கொண்டுவந்து காட்டும்."

காலி டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டினாள். இன்னும் சில வாரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அப்போதும் அம்மா ஒரேயடியாக விட்டுவிடவில்லை. "இந்தச் சோதனைக்குத் தெரிஞ்ச குறை இல்லை. சோதனைக்குத் தெரியாததும் இருக்கும். மகள் எந்த டாக்டரிட்டப் போனாலும், தாய்க்கு இப்பிடி வந்தது எண்டு முதல்ல சொல்லச் சொல்லுங்கோ. அவை கேக்காட்டியும் சொல்ல வேணும்." மகள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறாள். பல்லுப் பிடுங்கப் போன இடத்திலும் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த வருஷம் கோமதி பால்குடம் எடுத்தாள். பூசத்தன்று இல்லை, அதற்கு முன்னால், அவளுக்கு ஒத்துவந்த ஒரு வெள்ளிக்கிழமை. கூட்டம் இல்லாமல், நெரிசல் இல்லாமல், வேண்டிய தண்ணீர் குடித்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். பால் முருகன் மேல் வழிந்தபோது எனக்கு வந்த அழுகையைச் சொல்லி முடியாது.

அன்றைக்கு டாக்டரம்மா பெயரில் ஓர் அர்ச்சனை செய்ய நினைத்தேன். தட்டை நீட்டினேன். பெயரைச் சொன்னேன்.

"நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

விழித்தேன். எங்கள் குலம் கோத்திரம், நோய் நொடி, எது செரித்தது எது செரிக்கவில்லை என்பது வரை எல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரியும். அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கல்யாணம் ஆனவரா, பிள்ளைகள் உண்டா, ஒன்றும். கேட்டதே இல்லை. தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த தவணைக்குப் போனபோதுதான் தெரிந்தது, அம்மா வேலை ஓய்வு பெறுகிறார் என்று. மேசை காலியாக இருந்தது. கண்ணாடிக் கூடு மட்டும் இருந்தது. கோமதியைப் பார்த்து முடித்து, நன்றாக இருக்கிறாய், இனி அடிக்கடி வர வேண்டாம் என்றார். நான் எழுந்துவிட்டேன். கோமதி எழவில்லை.

"டாக்டர், நான் ஒண்ணு கேக்கலாமா? உங்க நட்சத்திரம் என்ன?"

அம்மா பேனாவை மூடினார். நாங்கள் எத்தனையோ தரம் அவர் முன்னால் முழித்த முழிப்பை அன்றைக்கு அவர் முழித்தார்.

"என்ர நட்சத்திரமோ? அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். நான் ஒரு நாளும் கேக்கேல்லை, பிள்ளை. இனி ஆரிட்டக் கேக்கிறது." பிறகு, பழக்கம் விடுமா, "பிறகு?" என்றார்.

"பிறகு ஒண்ணும் இல்ல டாக்டர். அர்ச்சனைக்குத்தான்" என்றாள் கோமதி.

அந்த ஒரு தடவைதான், 'ஒண்ணும் இல்ல' என்ற பதிலை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டார். எழுந்து வந்து கோமதியின் கன்னத்தைத் தொட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாங்கள் அவரைப் பார்க்கவில்லை.

தன்னைப் பற்றி யாரும் பேசினால் அவருக்குப் பிடிக்காது. அதனால் பெயரை இங்கே எழுதவில்லை. குருக்களிடம் மட்டும் சொல்கிறேன், வருஷா வருஷம். நட்சத்திரம் என்று அவர் கேட்கும்போது, நான் வாய் திறக்கும் முன் கோமதி சொல்லிவிடுவாள்: "விசாகம்னு வச்சுக்கோங்க சாமி."

விசாகம் முருகனுடைய நட்சத்திரம். அவரிடம்தானே இரவல் வாங்குகிறோம். அவர் கணக்குப் பார்க்கமாட்டார்.